ரோட்டைப் பார்த்த வண்டி

“இது ரோஸ்டர் வண்டி டீச்சர். ஏறி உக்காந்தீகன்னா ராமேஸ்வரம் போயித்தான் இறங்குவீக.”

மார்கழியில் காரைக்குடியில் ஒரு சைக்கிள் கடையில் நின்றபோது கடைக்காரர் இப்படிச் சொன்னார். புது வண்டியின் சட்டத்தில் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தை நகத்தால் கீறி உரித்துக்கொண்டே பேசினார். ரோட்ஸ்டர் என்பதைத்தான் அவர் ரோஸ்டர் என்றார். ரோட்டில் நெடுந்தூரம் போவதற்கான வண்டி என்று அர்த்தம். நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலமும் சமூகப் பாடமும் நடத்துகிறவள். தப்பான சொல் ஒன்று காதில் விழுந்தால் எனக்கு வாயில் சிவப்பு மை ஊறும். அன்றைக்கு ஊறவில்லை. சில மாதங்களாகவே எதையும் திருத்தத் தோன்றாத ஒரு நிலையில் இருக்கிறேன்.

என் பக்கத்தில் அமலி நின்றாள். என் மகள், ஒரே பிள்ளை, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். படிக்கிறாள் என்று எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஐப்பசிக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன. ஐப்பசி மழையில் நாங்கள் போன பஸ் கண்மாய்க்கரையில் சரிந்தது. எதிரே வந்த லாரிக்கு வழி விட்டு ஒதுங்கியபோது கரை மண் இளகிவிட்டது. படாரென்று ஒன்றும் கவிழவில்லை, மெதுவாகத்தான் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே இருந்தது. எனக்கும் அமலிக்கும் சிராய்ப்புதான், அவளுக்கு மட்டும் மணிக்கட்டு பிசகியிருந்தது. எங்களோடு வந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. நான் அழவும் இல்லை. ஊரில் எல்லோரும் “டீச்சர் தைரியசாலி” என்றார்கள். கேட்டுக்கொண்டேன்.

பதினைந்து நாள் விடுப்புக்குப் பிறகு வேலைக்குக் கிளம்பினேன். கண்டனூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போய், வந்த பஸ்ஸின் படியில் கால் வைத்து, கம்பியையும் பிடித்தேன். பிடித்த கம்பி கைக்குத் தெரியவில்லை. பிறர் கையைப் பார்ப்பதுபோல என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏறுறீகளா டீச்சர், ரைட் குடுக்கவா?” என்றார் கண்டக்டர்.

“நீங்க போங்க தம்பி” என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். அமலி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பஸ் நிற்கிற இடம் வரைக்கும்கூட வரவில்லை. நான் விடுப்பை நீட்டி எழுதி அனுப்பினேன்.

தலைமையாசிரியை நல்லவர். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பிவிட்டார். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறக்கும்போதாவது அமலி வராவிட்டால் வருகை போதாமல் போய்விடும், அவளைப் பொதுப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. எங்கள் இருவருக்கும் ஒரே பள்ளி, அதுவோ காரைக்குடியில். தினமும் நடந்து போகிற தூரம் இல்லை. இப்படித்தான் எனக்கு சைக்கிள் ஞாபகம் வந்தது. ஆசையால் வந்ததல்ல. வாங்கப் போன அன்றைக்கு மட்டும் கண்மாயைச் சுற்றிக்கொண்டு வயல் வழியாக நடந்தே போனோம்.

ரோஸ்டர் என்றால் எனக்கு ஒரு கரும்பலகை. அறுபதுகளின் தொடக்கத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, புகையில்லாத அடுப்பு போடுவது, பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைப்பது, கொல்லையில் பப்பாளி நடுவது என்று எதையாவது சொல்லிக்கொடுக்கிற வேலை. எனக்கு அப்போது சோறு வடிக்கவே சரியாகத் தெரியாது. என்னைவிட இரண்டு மடங்கு வயதான பெண்கள் என் பேச்சைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, “பொண்ணு நல்லாத்தான் பேசுது, கல்யாணம் ஆயிருச்சா?” என்பார்கள். யார் என்றைக்கு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அலுவலகச் சுவரில் ஒரு பலகையில் சாக்கட்டியால் எழுதியிருக்கும். அதற்குப் பெயர் ரோஸ்டர். காலையில் அதைப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுப்போம். சேவிகா ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்திருந்தது. பச்சை வண்டி, பின்மட்கார்டில் வெள்ளை எழுத்தில் எண். அது என்னுடையதல்ல, அரசாங்கத்துடையது என்பதை அந்த எண் ஓயாமல் சொல்லிக்கொண்டே வரும்.

அந்த வண்டியை ஒரு நாள் தொலைத்தேன். இதே கண்டனூரில்தான். இந்த ஊருக்கே மருமகளாக வருவேன் என்று அப்போது தெரியாது. ஒரு பெரிய வீட்டு ஆச்சி, தன் அடுப்படியில் புகை நிற்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருந்தது வீடு. அடுப்பைப் பார்த்து, எனக்குத் தெரியாததையெல்லாம் சொல்லி, மோர் குடித்துவிட்டு, பக்கத்தில் தெரிந்த கதவு வழியாகத் தெருவில் இறங்கினால் வண்டியைக் காணோம்.

தெருவில் நின்ற ஒருவர், “இப்பத்தான் ஒருத்தன் உருட்டிக்கிட்டு அங்குட்டுப் போனான்” என்று கை காட்டினார். ஓடினேன். ஊருணிக் கரையில் தன் சொந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒரு மனிதரை மறித்துக்கொண்டு அழுதேன். அவர் பாவம், மட்கார்டைத் துடைத்துத் துடைத்து எண் இல்லை என்று காட்டினார். திரும்பி வந்து ஆச்சியிடம் நின்றேன்.

“எங்கத்தா விட்டே?”

“வாசல்லதான் ஆச்சி.”

“எந்த வாசல்ல?”

எங்கள் ஊர்ப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அந்த வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். என் வண்டி அங்கே, பூட்டுகூடப் போடாமல், முன்தெருவில் ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தது. அலுவலகத்தில் இது தெரிந்து, நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் “எந்த வாசல்?” என்று கேட்பது கொஞ்ச காலம் வழக்கமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த வயதில் நான் அறிந்த பெரிய பயம் அதுதான். ஒரு தெரு சுற்றி வந்ததும் தீர்ந்துபோன பயம்.

காரைக்குடிக் கடைக்காரர் எங்களை விடவில்லை. “இங்குட்டு வாங்க டீச்சர், இதப் பாருங்க” என்று இளநீல லேடீஸ் வண்டி ஒன்றைக் காட்டினார். பின்சக்கரத்தில் சேலை மாட்டாதிருக்க வண்ண நூலில் வலை பின்னியிருந்தது. அவர்கள் குடும்பம் நகை செய்கிற குடும்பம். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து நகை வேலை நின்றபோது பட்டறையை மூடிவிட்டு அவருடைய அப்பா சைக்கிள் கடைக்கு வந்துவிட்டார். அதனாலோ என்னவோ இவருக்கு ஒவ்வொரு வண்டியும் ஒரு கல்யாணப் பெண். “அடக்கமான வண்டி. சத்தமே இருக்காது. நீங்க ஏறிப் போனா வண்டி போறதும் தெரியாது, நீங்க போறதும் தெரியாது.”

“இவ பின்னாடி உக்காரணும். கேரியர் தாங்குமா?”

அவர் அமலியைப் பார்த்தார். “பாப்பா என்ன கனமா இருக்கப் போகுது. பூ மாதிரி இருக்கு.”

பிள்ளை மெலிந்துபோனது அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. கேரியரை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். வில் மாதிரி வளைந்தது. கல்யாண வீட்டில் தட்டு ஏந்தத்தான் அது லாயக்கு. பக்கத்தில் பால்காரர்கள் வாங்குகிற கனத்த வண்டி நின்றது. அதன் கேரியர் விரல் தடிப்புக் கம்பியில், அடியில் இரண்டு தாங்குகாலோடு இருந்தது. “அந்தக் கேரியர இந்த வண்டில மாட்டிக் குடுங்க” என்றேன்.

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. “டீச்சர், மணப்பொண்ணு தலையில நெல்லு மூட்டய வைக்கச் சொல்றீகளே.”

“வைங்க. அவ தாங்குவா.”

சைக்கிளை விட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பவும் வாங்குகிறவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மினுக்கம், பெயர், டைனமோ விளக்கு என்று பார்ப்பார்களாக இருக்கும். நான் இரண்டே இரண்டு பார்த்தேன். நின்றால் என் கால் தரையில் ஊன்ற வேண்டும், அதனால் சீட்டை அடிவரைக்கும் இறக்கச் சொன்னேன். பிள்ளை உட்காரும் இடம் ஆடக் கூடாது. ஒரு வாகனத்தில் பின்னால் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பது தவிர வேறு ஒன்றும் என் தலையில் இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அமலி கடையின் மூலைக்குப் போயிருந்தாள். அங்கே புதிதாக வந்த ரேஸ் வண்டி ஒன்று நின்றது. மெல்லிய டயர், செம்மறிக்கிடாய்க் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அங்கேதான் வந்தது.

“இதுல குனிஞ்சுகிட்டேதான் போகணுமா? ரோடு தெரியுமா?”

“ரோடு மட்டுந்தான் பாப்பா தெரியும். வேற ஒண்ணும் தெரியாது” என்றார் கடைக்காரர்.

அவள் தலையாட்டினாள். பேசிவிட்டாளே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் அப்போது கேரியரின் திருகை இன்னும் ஒரு சுற்று முறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காற்றடித்ததும் புது டயரிலிருந்து வாசனை எழுந்தது. ரப்பரும் கிரீசும் கலந்த வாசனை. பயிற்சி நிலையத்துப் பொட்டல் அந்த வாசனையோடு வந்துவிட்டது. சேவிகாவாகும் முன்பு எங்களை ஒரு பயிற்சி நிலையத்தில் வைத்திருந்தார்கள். தையல், தோட்டம், குழந்தை வளர்ப்பு எல்லாம் கற்றுத் தந்தார்கள். சைக்கிளை மட்டும் நாங்களே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. சொல்லித்தர வந்த ஆண் ஊழியர், பெண்களின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூச்சப்பட்டு, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சத்தம் மட்டும் கொடுத்தார். ஆகவே ஒருத்தி ஏற, இன்னொருத்தி பிடிக்க என்று ஆனது. எனக்கு வாய்த்தவள் பாப்பாத்தி, கண்டரமாணிக்கத்துக்காரி. நல்ல பலசாலி, ஆனால் சிரிப்பு வந்தால் கை விட்டுவிடுவாள். அவளுக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

“பாப்பாத்தி, விட்டுறாதடி.”

“விடல, விடல. ஏய், விழுகிறதுன்னா அங்குட்டு விழு. இங்குட்டு சாணி கெடக்கு.”

நான் சாணியில்தான் விழுந்தேன். எழுந்து பார்த்தால் அவள் இருபது அடி தள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதோ விட்டுவிட்டாள், அவ்வளவு தூரமும் நானேதான் ஓட்டி வந்திருக்கிறேன் என்பது குளித்துவிட்டு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வண்டி வாங்கிய அன்று கடைக்காரர் இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். “உங்க சாமியார்ட்டயும் காட்டிக்கங்க டீச்சர். ரெண்டு பக்கமும் சொல்லி வச்சுருவோம்” என்றார். ஞாயிறு பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்தார். அமலி அப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அவர் கண்டனூரிலேயே கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். நடந்தே வேலைக்குப் போய்விடுகிறவர். “கேரியர் நல்லா இருக்கு. வண்டிதான் அதுக்குக் கொஞ்சம் சின்னதாப் போச்சு” என்றார்.

எனக்கே ஓட்ட வருமா என்று பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அதற்கு இடப்பஞ்சம் இல்லை. பெரிய வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் தெருக்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற வீடுகள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு ஆள் தென்படாது. ஏறினேன். உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எனக்குத்தான் எதுவும் தோன்றவில்லை. காற்று முகத்தில் பட்டது, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டேன், திரும்பினேன், பிரேக் பிடித்தேன், இறங்கினேன். பழைய நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. வேலை ஒன்று முடிந்தது.

அப்படி ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு கல்யாணத்துக்காக முன்கூட்டியே வந்து வீட்டைத் திறந்திருந்த ஆச்சி ஒருவர், நான் நாலாவது தடவை அவர் வாசலைக் கடந்தபோது கூப்பிட்டார்.

“டீச்சர், வேல மாறிட்டீகளா?”

“இல்லையே ஆச்சி.”

“இல்ல, தந்தி கிந்தி குடுக்க வந்தீகளோன்னு பாத்தேன். சுத்திச் சுத்தி வாரீக, வீடு தெரியலையோன்னு.”

சைக்கிளை நான் எப்படி விட்டேன் என்பதும் அந்தத் தெருவில்தான் நினைவுக்கு வந்தது. விபத்து எதுவும் இல்லை. அமலி வயிற்றில் ஆறு மாதம். அலுவலகத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கிருந்த எழுத்தர் பிரேக்கையும் பெல்லையும் சரிபார்த்துவிட்டு, “ரோஸ்டர்ல பேரை அழிச்சிரலாமாம்மா?” என்று கேட்டார். அழியுங்கள் என்றேன். துணியால் ஒரு இழுப்பு. சாக்கட்டித் தூள் பறந்தது, எனக்குத் தும்மல் வந்தது. பிறகு ஆசிரியப் பயிற்சி, பள்ளிக்கூடம், பஸ். அமலியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அதே ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பையோடு போயிருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் அவளுக்கு வாய் ஓயாது. அந்த ரோட்டில் அவள் பேச்சைக் கேட்காமல் நான் போன நாள் இல்லை.

பள்ளி திறந்த அன்று காலை அமலி கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். ஒரு கையில் பை. இன்னொரு கையால் என் இடுப்புச் சேலையைப் பிடித்திருந்தாள். ஊரைத் தாண்டும் வரை ஒன்றுமில்லை. தார் ரோட்டில் ஏறியதும் பிடி இறுகியது. கண்மாய்க்கரை தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. காலை ஊன்றி நின்றேன். அவள் குதித்திருந்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். அழவில்லை.

“நீங்க போங்கம்மா. நான் வீட்டுக்குப் போறேன்.”

வண்டியை உருட்டிக்கொண்டு அவளோடு திரும்பினேன். மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாள் ஊரைத் தாண்டவே இல்லை. அன்றைக்கு அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். அவளும் வருவாள் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். என் குரல் எனக்கே சமூகப் பாடம் நடத்துவதுபோல இருந்தது.

“வண்டியத் திருப்பிக் குடுத்துட்டு மாட்டு வண்டி ஒண்ணு பேசிருவோமா?” என்றார் அமலி அப்பா. எதையாவது செய்ய வேண்டுமே என்ற தவிப்பு அவருக்கு. சனிக்கிழமை கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லாமல், வண்டி ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

கடைக்காரர் குனிந்து டயரைத் தடவினார். செம்மண் ஒட்டியது. விரலை என்னிடம் காட்டினார். “ரோட்டப் பாத்த வண்டி டீச்சர். கடைக்குள்ள இருக்கிற வரைக்கும் என் பிள்ள. ரோட்டப் பாத்துருச்சுன்னா உங்க பிள்ள. பிள்ளயத் திருப்பிக் குடுப்பாகளா?”

கேரியர் மாட்டச் சொன்னதற்கு அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது, இதை அவர் சொன்ன மாதிரியே விரலைக் காட்டிச் சொன்னேன். அமலி அப்பா கொஞ்சம் சிரித்தார். அமலி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி பாத்துருச்சு” என்றாள். “நாந்தான் பாக்கல.”

“என்னத்த?”

“ரோட்ட. பின்னாடி உக்காந்தா உங்க முதுகுதான் தெரியுது. அன்னைக்கும் முதுகுதான். எனக்கு முன்னாடி ஒரு அம்மா நின்னாக, அந்தப் பக்கம் ஒருத்தர். வண்டி எங்குட்டுச் சாயுதுன்னே தெரியல. முதுகெல்லாம் என் மேல வந்துச்சு.”

ஐப்பசிக்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“அப்ப என்னம்மா செய்யணுங்குற?” என்றார்.

“நான் ஓட்டுறேன். அம்மா பின்னாடி உக்காரட்டும்.” பிறகு என்னைப் பார்த்தாள். “உக்காருவீகளா?”

அதே பஸ்ஸில் நானும் இருந்தேன் என்பதும், அதன் பிறகு பஸ் ஏறப் போய் ஏறாமல் திரும்பி வந்தேன் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். இன்னொருவர் ஓட்ட, நான் பின்னால் எதையும் பார்க்காமல் உட்கார்ந்து போவது. அதற்குப் பயந்துதானே நானே ஓட்டுகிற வண்டியாகப் பார்த்து வாங்கினேன். உள்ளே எங்கேயோ வேண்டாம் என்றது. ஆனால் அது மிகத் தூரத்திலிருந்து கேட்டது.

“உக்காருறேன்” என்றேன்.

பூட்டிய வீடுகளின் தெருவில் அவள் கற்றுக்கொண்டாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். ஓடினேன் என்பது கொஞ்சம் அதிகம். மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே போனேன். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, எதிரே மட்டும் பார்த்து மிதித்தாள். மூன்றாம் நாள் நான் பிடியை விட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. “விட்டுட்டீகளா?” என்றாள், திரும்பாமல். ஆமாம் என்றேன். “சரி” என்று போய்க்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பின்னால் ஏற்றி ஒரு வாரம் அந்தத் தெருவில் சுற்றினாள். அந்த ஆச்சி கல்யாண வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். “மக தபால் கொண்டாருது, நீங்க மூட்டையா?” என்றார். அவளுடைய எடைக்கு நான் பார்த்துப் பார்த்து மாட்டிய கேரியர் என் எடைக்கு முனகாமல் இருந்தது. பால்காரர்களுக்கு நன்றி.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம்.

தார் ரோட்டில் ஏறியதும் என் விரல்கள் கேரியர் கம்பியை இறுக்கின. அமலியின் முதுகு, அதில் வேர்வை படர்ந்த சட்டை, பின்னலின் ரிப்பன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது அவள் சொல்லத் தொடங்கினாள். “பள்ளம் வருதும்மா.” பள்ளம் வந்தது. “எதிர்ல மாட்டு வண்டி. ஒதுங்குறேன்.” ஒதுங்கினாள். “ஆடு. நிக்கிறேன்.” “இப்ப லாரி. பெருசு. அது அந்தப் பக்கம் போயிரும்.” போயிற்று. “கண்மாய் வந்துருச்சு. நடுவுலயே போறேன்.” அதைச் சொன்ன குரலில் வேறுபாடு ஒன்றும் இல்லை. நான் கண்ணை மூடியிருந்தேன். “தாண்டிட்டோம்” என்றாள். திறந்தேன்.

காரைக்குடி எல்லையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். இருவர் ஏறிப் போவது அங்கே குற்றம். “என்ன டீச்சர், நீங்களே டபுள்ஸா? பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுப்பீக?” என்றார். இறங்கி நடக்கிறோம் என்றேன். அன்றிலிருந்து அந்த இடம் வந்ததும் இறங்கிவிடுகிறோம். அவர் இல்லாத நாளிலும் இறங்குகிறோம்.

கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறவளுக்கு ரோட்டின் ஓரம் மட்டும்தான் காட்சி. நான் சேவிகாவாக எதிரே பார்த்து ஓட்டிய காலத்தில் ஓரங்களைக் கவனித்ததில்லை. இப்போது கவனிக்கிறேன், இல்லாதவைதான் கண்ணில் படுகின்றன. வட்டார வளர்ச்சி அலுவலகம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பச்சை சைக்கிளில் போகிற சேவிகா யாரையும் இந்தப் பக்கம் நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. இப்போதைய பெண்கள் ஜீப்பில் போகிறார்களாம். நான் போட்டுக் கொடுத்த புகையில்லாத அடுப்பு ஒன்றாவது எங்காவது எரிகிறதா என்று தெரியாது. பாப்பாத்தி கல்யாணமாகி வடக்கே போனவள். எந்த ஊர் என்றுகூடத் தெரியவில்லை. கரையில் சரிந்த அந்த பஸ்ஸும் திரும்ப ஓடவில்லை. அந்த நேரத்துக்கு இப்போது பஸ்ஸே இல்லை. அதில் வந்துகொண்டிருந்த கீரைக்காரப் பெண்கள் கூடையோடு நடந்து போவதைத் தாண்டித்தான் தினமும் போகிறோம்.

அமலி இப்போது வகுப்பில் உட்கார்கிறாள். தாமதமாக வந்ததைத் தலைமையாசிரியை பொறுத்துக்கொண்டு பரீட்சைக்கு அவள் பெயரை அனுப்பிவிட்டார். முன்பு பஸ்ஸில் பேசிய பேச்சு திரும்பி வரவில்லை. ரோட்டில் வருவதை மட்டும் பின்னால் இருக்கும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் வாரத்தில் சின்னக் கல்லைக்கூடச் சொன்னாள். பிறகு பேச்சில் கற்கள் நின்றன. பிறகு ஆடுமாடுகள் நின்றன. கண்மாயை மட்டும் விடாமல் சொன்னாள்.

நேற்று ஊரைத் தாண்டியதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி மிதித்தாள். வாய்பாடா, மனப்பாடப் பாட்டா, காதில் சரியாக விழவில்லை. திடீரென்று ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி, நான் கேரியரிலிருந்து எழும்பி விழுந்தேன்.

“ஐயோ, சொல்ல மறந்துட்டேன்மா” என்றாள்.

“பரவாயில்ல, போ” என்றேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

கண்ணைத் திறந்து பார்த்தபோது கண்மாய் பின்னால் போயிருந்தது. அவள் அதையும் சொல்லவில்லை. என் விரல்கள் மட்டும் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.